ராக்கெட்டை யார் எடுப்பது

கோப்பையைக் கொடுத்ததோடு நில்லாமல், அது கைமாறும் வரை பொறுமையாகக் காத்திருக்கும் அவைத்தலைவர், நூற்பாலை அதிபர் திரு. அரங்கசாமி அவர்களே, கணினிகளைக் கம்பியால் கட்டி, காளையரையும் கன்னியரையும் ஒரே கூரையின்கீழ்ச் சுட்டுக்கொள்ள வைத்த அமைப்பாளர், அன்புத் தம்பி அப்துல் கையூம் அவர்களே, பிள்ளைகள் என்ன விளையாடுகிறார்கள் என்று புரியாமலே முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, புரிந்துகொண்ட காரணத்தால் பின்வரிசைக்குப் போய்விட்ட தாய்மார்களே, இறுதிப் போட்டியில் மோதிய சரவணம்பட்டி அணியினரே, பல்லடம் அணியினரே, முதல் சுற்றிலேயே தோற்றும் வீட்டுக்குப் போகாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் மற்ற அணிப் பிள்ளைகளே, உங்கள் அனைவரையும் சாமியாத்தாள் கைகூப்பி வணங்குகிறேன்.

என்னை அறியாதவர்களுக்கு ஒரு சொல். நான் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவள். மேடை எனக்குப் புதிதன்று. பட்டிமன்றத்தில் பேசியிருக்கிறேன். கோயில் திருவிழாவில் பேசியிருக்கிறேன். கைத்தறிக் கண்காட்சியில் சென்னிமலைப் போர்வையின் பெருமையைப் பேசிப் பேசி, போர்வை வாங்க வந்தவர்களை அங்கேயே உறங்க வைத்திருக்கிறேன். ஆனால் துப்பாக்கிச் சண்டைக்கு நடுவராக வந்து நிற்பது இதுவே முதல் முறை.

அங்கே ஒரு தம்பி சிரிக்கிறார். சிரியுங்கள் தம்பி. என்னை அதிகமாகச் சுட்டவர் என்ற உரிமை உங்களுக்கு உண்டு.

தமிழ் அம்மாவுக்கும் இந்த ஆட்டத்துக்கும் என்ன உறவு என்று பெரியவர்கள் கேட்கலாம். கல்லூரி மலருக்குத் தலையங்கம் அச்சுக்கோக்கக் கையூம் அவர்களின் கணினி நிலையத்துக்குப் போயிருந்தேன். மின்சாரம் போனது, தலையங்கமும் போனது. மின்சாரம் திரும்பி வந்தது, தலையங்கம் வரவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையூம் சொன்னார், “அம்மா, இங்க ஒரு டீம்ல ஆள் குறையுதுங்க. சும்மா வந்து உக்காருங்க, மனசு ஆறிப்போகுமுங்க.” உட்கார்ந்தேன். செத்தேன். எழுந்தேன். மறுபடியும் செத்தேன். உண்மையைச் சொல்கிறேன், மனம் ஆறிவிட்டது. அன்றிலிருந்து சனிக்கிழமை மாலைகளில் போய்ச் செத்துவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. இவ்வளவு மோசமாக ஆடுகிறவர் எந்தப் பக்கமும் சாய மாட்டார் என்று நம்பித்தான் என்னை நடுவராக்கினார்கள் என்று நினைக்கிறேன்.

பெரியோர்களே, தாய்மார்களே, ஆட்டத்தை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். திரைக்குள்ளே ஒரு கோட்டை. ஆளுக்கொரு கணினி, அணிக்கு மூன்று பேர். எல்லோரும் ஒரே கோட்டைக்குள் உலவுகிறார்கள், எதிரியை வீழ்த்தினால் ஒரு புள்ளி. தொடங்கும்போது எல்லோர் கையிலும் ஒரே மாதிரிச் சின்னத் துப்பாக்கி. ஆனால் கோட்டையின் உச்சியில், மாடிப்படி ஏறிப்போனால், பெரிய ஆயுதம் ஒன்று கிடக்கிறது. பிள்ளைகள் அதை ராக்கெட் என்கிறார்கள். யார் முதலில் தொடுகிறாரோ அவருடையது அது. அவர் எடுத்துப்போன சிறிது நேரத்தில் அதே இடத்தில் இன்னொன்று முளைக்கும். எட்ட நின்று எதிரியின் காலடியைப் பார்த்துச் சுட்டால் போதும், சுற்றி நிற்பவர் அத்தனை பேரும் காலி.

இந்த ராக்கெட்டால் நிலையத்தில் நடந்த வாக்குவாதம் கொஞ்சமா, நஞ்சமா? வலிமை மிகுந்தது, ஆகவே விலக்குங்கள் என்றார் ஒருவர். விலக்க வேண்டாம், வீரியத்தைக் குறையுங்கள் என்றார் இன்னொருவர். குறைப்பது எளிதுதான். கையூம் அவர்களின் கணினியில் ஓர் எண் இருக்கிறது, அதை மாற்றினால் ராக்கெட் தீபாவளி வெடியாகிவிடும். அதை மாற்றட்டுமா, வேண்டாமா என்று அவர் என்னைக் கேட்டார். இறுதிப் போட்டி முடியட்டும், பிறகு சொல்கிறேன் என்றேன்.

அந்த இறுதிப் போட்டிதான் இப்போது வழக்காக என் முன் நிற்கிறது. மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றால் கோப்பை. கோப்பையோடு பெங்களூர்ப் பயணம், அங்கே பெரிய அணிகளோடு மோதும் வாய்ப்பு. ஒரு பக்கம் சரவணம்பட்டி, அதன் தலைவர் ரவிதேஜா. அவர் நம் அவைத்தலைவரின் மகன். இதை நான் சொல்லாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும், ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். மறுபக்கம் பல்லடம், அதன் தலைவி பாலிடெக்னிக் மாணவி இளவேனில். உடன் ஆடியவர்கள் கதிரேசன், ஆல்வின்.

முதல் ஆட்டம். பல்லடத்துப் பிள்ளைகள் மூவரும் மாடிக்கு முதலில் ஏறிவிட்டார்கள். ராக்கெட் எதிரே கிடக்கிறது. தொட்டால் போதும். தொட்டார்களா?

நான் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். என் காதால் கேட்டதைச் சொல்கிறேன்.

“கதிரேசன் அண்ணா, நீங்க எடுங்க.”

“இல்லீங்க, நீங்கதான் தலைவிங்க. நீங்க எடுங்க.”

“ஆல்வின் நல்லா சுடுவாருங்க, அவரு எடுக்கட்டுமுங்க.”

“ஐயோ, நான் எதுக்குங்க. நீங்களே எடுத்துக்குங்க.”

இந்த உபசாரம் முடிவதற்குள் ரவிதேஜா படியேறி வந்தார். யாரையும் கேட்கவில்லை. எடுத்தார். சுட்டார். உபசரித்தவர், உபசரிக்கப்பட்டவர், இருவருக்கும் நடுவே நின்றவர் என மூவரும் ஒரே வெடியில் போய்ச் சேர்ந்தார்கள். உலகத்தில் எத்தனையோ நாடுகளில் இந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள். ஆயுதத்தின் முன்னால் நின்றுகொண்டு பந்திக்கு அழைப்பதுபோல் ஒருவரையொருவர் அழைத்துத் தோற்றவர்கள் நம் கொங்கு நாட்டில் மட்டும்தான் இருப்பார்கள்.

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் கடைசி நாற்காலிக்கு என்ன நடக்கிறது என்று நினைத்துப் பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

இரண்டாம் ஆட்டத்துக்கு முன்பு சிறிது இடைவேளை. எல்லோரும் டீ குடித்தார்கள். இளவேனில் குடிக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தபடி இருந்தார். பிறகு தன் அணியைப் பார்த்துச் சொன்னார், “நம்மளால சட்டுனு எடுக்க முடியாதுங்க. பழக்கம் அப்பிடி. அப்ப எடுக்கவே வேண்டாம். அவங்க எடுக்கட்டுமுங்க. நாம படிக்கட்டுல நிப்போம், கிட்டக்க.”

ஆம், கிட்டத்தில். அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ராக்கெட் எட்டத்தில் எமன். ஆனால் எதிரி இரண்டடியில் நின்றால்? சுட்டால் சுடுகிறவனும் சேர்ந்து சாவான். தானே தன்னைச் சுட்டுக்கொண்டால் அணியின் புள்ளியும் குறையும். ஆயுதத்தைச் செய்தவர்கள் அதன் வலிமையை வைத்த இடத்திலேயே அதன் வலியையும் வைத்துவிட்டார்கள். நாம் எல்லோரும் ராக்கெட்டைப் பார்த்தோம். இளவேனில் அதற்கும் தனக்கும் நடுவே இருந்த தூரத்தைப் பார்த்தார்.

அதன்பின் நடந்தது என்ன? ரவிதேஜாவின் அணி ஆசையாக மாடிக்கு ஏறியது. பல்லடம் அணி படிக்கட்டின் திருப்பத்தில் நின்று வரவேற்றது. ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கியவர்களைச் சின்னத் துப்பாக்கிகள் நெருங்கி நின்று வீழ்த்தின. இரண்டாம் ஆட்டம் பல்லடத்துக்கு.

மூன்றாம் ஆட்டத்திலும் அதே படிக்கட்டுதான். அதன் முடிவில் இரு அணியும் சமம். ஒரு புள்ளி எடுத்தவருக்குக் கோப்பை. ரவிதேஜா கையில் ராக்கெட். எதிரே இளவேனில், கையில் சின்னத் துப்பாக்கி. வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். நானும் ஓடித்தான் எத்தனையோ முறை செத்திருக்கிறேன். இவர் ஓடினார், ஆனால் ராக்கெட்டை நோக்கி ஓடினார். ரவிதேஜா பின்வாங்கினார், முதுகில் சுவர் இடித்தது. கடைசி வரை அவர் சுடவே இல்லை. இளவேனில் சுட்டார், அந்த ஒரு புள்ளி பல்லடத்துக்கு. ஏன் தம்பி சுடவில்லை என்று பிறகு கேட்டேன். “சுட்டா நானும் போயிருப்பேனுங்க. அவ்வளவு கிட்டக்க வந்துபோட்டாங்க” என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபமில்லை, வியப்புதான் இருந்தது. அதற்காக அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே. ஒரே இடத்தில் பதுங்கி நின்று சுடக்கூடாது என்று போட்டி தொடங்கும் முன்பே நாமெல்லோரும் ஒப்புக்கொண்டோம். ரவிதேஜா அதைக் காட்டி முறையிட்டார். “அம்மா, தோத்ததுக்காகச் சொல்லலீங்க. அவங்க படிக்கட்டுல பதுங்கித்தான் நின்னாங்க. விதின்னு போட்டா எல்லாருக்கும் ஒண்ணுதானுங்களே?” விதி மீறப்பட்டிருந்தால் இரண்டு ஆட்டங்களும் செல்லாது. மிஞ்சுவது முதல் ஆட்டம். கோப்பை சரவணம்பட்டிக்கு.

நியாயமான முறையீடு. நான் நியாயமாகவே விசாரித்தேன். நடந்த ஆட்டத்தைக் கணினி அப்படியே பதிந்து வைத்திருக்கிறது. யார் கண் வழியாக வேண்டுமானாலும் திரும்பப் பார்க்கலாம். கையூமும் நானும் உட்கார்ந்து ஒவ்வொருவர் கண்ணாலும் பார்த்தோம். பல்லடத்தார் படிக்கட்டில் நின்றது உண்மை. முதல் ஆட்டத்தில் ரவிதேஜா என்ன செய்தார்? ராக்கெட் தீர்ந்ததும், அடுத்தது முளைக்கும் வரை அதே மாடியில் சுவரோரம் நின்றார். எடுத்தார், சுட்டார், மறுபடி அங்கேயே வந்து நின்றார். ராக்கெட் வரும் என்று காத்திருப்பது திறமை, ராக்கெட்டுக்கு வருகிறவருக்காகக் காத்திருப்பது குற்றம் என்றால், அந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. யாரும் வரத் தேவையில்லாத மூலையில் ஒளிந்துகொள்வதைத் தடுக்கத்தான் அந்த விதி வைத்தோம். எல்லோரும் தாமாக ஓடிவரும் இடத்தில் நிற்பது பதுங்கல் ஆகாது. இரண்டு தரப்பும் செய்தது சரி. மூன்று ஆட்டங்களும் செல்லும். கோப்பை பல்லடத்துக்கு.

தீர்ப்பு முடிந்தது என்று கை தட்டுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். தீர்ப்பைவிடக் கடினமான காரியம் ஒன்று பாக்கி இருக்கிறது.

இன்று காலை, இந்த மண்டபத்தின் சமையற்கட்டுப் பக்கம் இளவேனில் என்னைத் தேடி வந்தார். “அம்மா, கோப்பையை அவங்களுக்கே குடுத்துப்போடுங்க” என்றார்.

“நீங்க ஜெயிச்சீங்களா, இல்லையா கண்ணு?” என்று கேட்டேன்.

“ஜெயிச்சமுங்க.”

“பொறவென்ன?”

அவர் தலை குனிந்துகொண்டார். “எங்கப்பா நஞ்சப்பன், ரவிதேஜா வீட்டுப் பெரியவரு மில்லுலதானுங்க வேலை செய்யறாரு. எங்களால அவருக்கு ஒரு சங்கடம் வரக்கூடாதுங்க. கோப்பை இல்லீன்னா என்னங்க, ஆடுனோம், அது போதுமுங்க.”

அவையோரே, ராக்கெட்டை நோக்கி ஓடிய பெண் இவர். திரைக்குள்ளே எமனுக்கு அஞ்சாதவர், திரைக்கு வெளியே ஒரு கோப்பைக்கு அஞ்சி நிற்கிறார். இதை மேடையில் சொல்லட்டுமா என்று கேட்டேன். “சொல்லுங்க” என்றார். காதோடு காதாக இருந்தால் இது பயமாகவே இருக்கும். ஊரறியச் சொன்னால், ஊரே அதற்குக் காவல்.

விட்டுக்கொடுப்பது நம் மண்ணின் அழகு. யார் இல்லை என்றார்கள்? ஆனால் யார் எப்போதும் விட்டுக்கொடுக்கிறார்கள், யார் எப்போதும் பெற்றுக்கொள்கிறார்கள் என்று ஒருமுறையாவது நாம் பார்த்தோமா? ஒதுங்கி நிற்கும்படி காலகாலமாகப் பழக்கப்பட்ட வீட்டிலிருந்து வந்த ஒரு பிள்ளை, வென்ற பிறகும் ஒதுங்குகிறது என்றால், அதற்குப் பண்பு என்று பெயர் வைக்கலாமா? படிக்கட்டில் ராக்கெட்டை விட்டுக்கொடுத்தார்களே, அது உத்தி. உத்தியாக விட்டுக்கொடுங்கள், பாராட்டுகிறேன். அன்பாக விட்டுக்கொடுங்கள், வணங்குகிறேன். அச்சத்தால் விட்டுக்கொடுக்காதீர்கள். அதை வாங்கிக்கொள்கிறவருக்கும் அது பெருமை இல்லை.

கையூம் அவர்களே, ராக்கெட்டின் எண்ணை மாற்ற வேண்டாம். அது இருக்கட்டும். கிட்டே போகப் பிள்ளைகள் பழகட்டும்.

தலைவர் அவர்களே, உங்களிடம் நேராகவே பேசுகிறேன். நீங்கள் கொடுத்த கோப்பையை உங்கள் மகனிடமிருந்து நான் எடுத்துவிட்டேன். வருத்தம் இருந்தால் அது என்மேல் இருக்கட்டும். நஞ்சப்பன் நாளைக்கு வழக்கம்போல் ஷிப்டுக்கு வருவார். அவரை எப்படிப் பார்க்கப்போகிறீர்கள் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பிள்ளை இங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

தலைவர் எழுகிறார். ஒலிபெருக்கி வேண்டாம் என்கிறார். அவர் சொல்வது பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். “நஞ்சப்பனும் வந்திருக்கானா? ரெண்டு பேரையும் மேல வரச்சொல்லுங்க. அம்மணி, பயப்படாத வா” என்கிறார். ரவிதேஜாவும் எழுந்து வழி விடுகிறார். கை தட்டுகிறார். நல்லது தம்பி.

இதோ வருகிறார் இளவேனில். பின்னாலேயே அவருடைய தந்தை, செருப்பைப் படிக்குக் கீழே கழற்றிவிட்டு வருகிறார். வேண்டாம் நஞ்சப்பன், போட்டுக்கொண்டே வாருங்கள், நாங்கள் எல்லோரும் செருப்போடுதான் நிற்கிறோம். தலைவர் கோப்பையை நீட்டுகிறார். எடுத்துக்கொள்ளுங்கள் அம்மணி. இரண்டு கையாலும்.

எடுத்துக்கொண்டார்.

நன்றி சொல்ல வேண்டுமா என்று கண்ணால் என்னைக் கேட்கிறார். வேண்டாம். வென்றதை வாங்கிக்கொள்ள யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை. நன்றி சொல்வது இங்கே என் வேலை. இவ்வளவு நேரம் செவி கொடுத்த உங்கள் அனைவருக்கும் அதைச் செய்துவிட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.