சனிக்கிழமைச் சாவி

கிளாடிஸ்: ஏளா, இந்தப் பாய நேத்துதானே துவைச்ச?

முருகேஸ்வரி: அது நீலம் டீச்சர். இது பச்சை.

கிளாடிஸ்: பச்சையும் நேத்து கொடியில கெடந்துச்சே. நான் பாத்தேன்.

முருகேஸ்வரி: உப்புக்காத்துக்கு ஒரே நாள்ல பெசுபெசுன்னு ஆயிருதுல்லா. பிள்ளைங்க இதுல உக்காந்துதானே கட்டை அடுக்குதுங்க. நீங்க மட்டும் என்ன... அந்தப் பாசிமணிய எத்தன தடவ தொடைப்பீங்க?

கிளாடிஸ்: தூசி.

முருகேஸ்வரி: தூசியாம்...

கிளாடிஸ்: சிரிக்காத. லீவுன்னாலும் மாண்டிசோரி ஸ்கூல்ல டீச்சருக்கு வேலை இருக்கும். திங்கக்கிழமை பிள்ளைங்க வந்து அலமாரியப் பாத்தா, அதது அதது எடத்துல இருக்கணும்.

முருகேஸ்வரி: ஆயாவுக்கும் அப்படித்தான் டீச்சர். நான் ஒண்ணுஞ் சொல்லலையே.

கிளாடிஸ்: எல்லாம் இன்னையோட முடியுது. அடுத்த வாரத்துல இருந்து சனிக்கிழமை பூட்டுன்னு சிஸ்டர் சொல்லிட்டாங்கல்லா... சாவி எங்க?

முருகேஸ்வரி: மடியிலதான் இருக்கு.

கிளாடிஸ்: சாயங்காலம் மறக்காம கான்வென்ட்ல குடுத்துரு.

முருகேஸ்வரி: ம்... நல்லதுதான். சனிக்கிழமையாவது வீட்ல காலை நீட்டிப் படுக்கலாம். மக வேற கயத்தாறுல இருந்து பேரனக் கூட்டிட்டு வாரேன்னு சொல்லியிருக்கா.

கிளாடிஸ்: போன மாசமும் அப்படித்தான் சொன்ன.

முருகேஸ்வரி: பஸ் கெடைக்கலையாம்.

கிளாடிஸ்: கயத்தாறுல பஸ்ஸுக்கா பஞ்சம்?

முருகேஸ்வரி: ...நீங்க என்ன பண்ணுவீங்க?

கிளாடிஸ்: எனக்கா? எம் மகன் இருக்கான்லா, டெரன்ஸ், தோஹாவுல இருந்து வீடியோ கால்ல வருவான். நாள் பூரா பேசலாம்.

முருகேஸ்வரி: தம்பிக்கு வெள்ளிக்கிழமை மட்டுந்தானே லீவு? நீங்கதான் சொன்னீங்க.

கிளாடிஸ்: இப்ப மாத்திட்டாங்க.

முருகேஸ்வரி: ஓ... மாத்திட்டாங்களா.

கிளாடிஸ்: அந்தத் துணியக் குடு இங்க.

முருகேஸ்வரி: இந்தாங்க. கோவிச்சுக்கிடாதீங்க.

கிளாடிஸ்: கோவம் இல்ல. ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது... நேத்து மீன் வாங்கப் போனேன்.

முருகேஸ்வரி: பாண்டித்துரை அண்ணாச்சிட்டயா?

கிளாடிஸ்: ஆமா. அவரு அந்தப் பக்கம் திரும்பி யார்ட்டயோ பேசிட்டு இருந்தாரு. நான் போயி... அவரு தோள்ல கைய வச்சுட்டுப் பேசாம நின்னேன்.

முருகேஸ்வரி: ஐய... நம்ம பிள்ளைங்க நிக்குமே, அது மாதிரியா?

கிளாடிஸ்: அதே மாதிரிதான். பெரியவங்க பேசுறப்ப குறுக்க பேசக் கூடாது, தோள்ல கைய வச்சுட்டு நிக்கணும், அவங்களா திரும்புவாங்கன்னு நாமதானே பழக்குதோம். வருஷக்கணக்கா பழக்கி எனக்கே பழகிட்டு.

முருகேஸ்வரி: அண்ணாச்சி என்ன சொன்னாரு?

கிளாடிஸ்: பதறிட்டாரு. என்னக்கா, தலை கிலை சுத்துதான்னாரு. அவரு பொண்டாட்டி பாத்தாளே ஒரு பார்வை...

முருகேஸ்வரி: ஹஹ்... இனிமே நல்ல மீன் கெடைக்காது ஒங்களுக்கு.

கிளாடிஸ்: சிரிக்காதன்னேன்லா.

முருகேஸ்வரி: சரி... சிரிக்கல.

கிளாடிஸ்: வீட்டுக்கு வந்து மீன அப்படியே வச்சுட்டு உக்காந்துட்டேன். ஸ்கூல் நாள் பூரா இந்தத் தோள்ல ஏதாவது ஒரு கை இருந்துட்டே இருக்கு. ஒண்ணுல பென்சில் வாசம். ஒண்ணு ஈரமா இருக்கும். சிலது கைய வச்சுட்டே தூங்கி விழும். வெள்ளிக்கிழமை கடைசிப் பிள்ளை வேன் ஏறிட்டுன்னா... திங்கக்கிழமை வரைக்கும்...

முருகேஸ்வரி: வரைக்கும்?

கிளாடிஸ்: ஒண்ணுமில்ல. நீ பாய உதறு. ஹார்பர்ல கப்பல் ஊதுது பாரு. மணி ஆகுது போல.

முருகேஸ்வரி: ...

கிளாடிஸ்: ஏன் பின்னால வந்து நிக்க? முருகேஸ்வரி... என்ன இது, தோள்ல கைய வச்சுட்டு?

முருகேஸ்வரி: பேசணும் டீச்சர். நீங்க முடிக்கட்டும்னு நிக்கேன்.

கிளாடிஸ்: நான் ஒண்ணும் பேசலையே.

முருகேஸ்வரி: அழுதுட்டு இருக்கீங்க. அது முடியட்டும்.

கிளாடிஸ்: ...ஈரக் கை.

முருகேஸ்வரி: பாய் துவைச்ச கைல்லா. எடுத்துருதேன்.

கிளாடிஸ்: எடுக்காத. இருக்கட்டும். நீ பேசுறதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.

முருகேஸ்வரி: சொல்லுங்க.

கிளாடிஸ்: காலையில பூசை முடிஞ்சதும் சிஸ்டரப் பாத்தேன். சனிக்கிழமை சாவிய முருகேஸ்வரிட்டயே விட்டுருங்க, புருஷன் போன பிறகு அவளுக்கு வீட்ல யாருமில்ல, மகளும் எட்டிப் பாக்கதில்ல, இங்க வராட்டி அவ ஒடைஞ்சு போயிருவான்னு சொன்னேன். நானும் துணைக்கு வந்து இருந்துக்கிடுதேன்னு...

முருகேஸ்வரி: துணைக்கு...

கிளாடிஸ்: ஒன்னச் சொல்லிக் கேட்டது தப்புதான். எனக்குன்னு கேக்க வாய் வரல.

முருகேஸ்வரி: சிஸ்டர் என்ன சொன்னாங்க?

கிளாடிஸ்: என்னையே பாத்துட்டுச் சிரிச்சாங்க. முருகேஸ்வரிட்டயே போயி கேளுங்கன்னாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீ என்னமோ பேசணும்னியே, என்னது?

முருகேஸ்வரி: சாவிய இனி யார்ட்டயும் குடுக்க வேண்டாம் டீச்சர்... சிஸ்டர் நேத்தே என்னை வச்சுக்கிடச் சொல்லிட்டாங்க. ஒங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாமத்தான் காலையில இருந்து காஞ்ச பாயத் துவைச்சுட்டு இருக்கேன். கிளாடிஸ் டீச்சருக்கு வீட்ல ஒரு ஆளில்ல, பாவம், நான் வேணா துணைக்கு இருந்துக்கிடுதேன்னு... நாந்தான் போயி கேட்டேன்.