அழிக்க அழிக்க வந்த பேர்

போனில் அழித்த பேர் மறுபடியும் வந்து நிற்கிறது என்று யாராவது கடைக்கு வந்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஏதோ பேய் புகுந்துவிட்ட மாதிரி பேசுவார்கள். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன், கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன் சார். மாரிச்செல்வம் கடை என்றால் யாரும் காட்டுவார்கள். தொழிலைச் சொல்லிவிட்டு ஆரம்பித்தால்தான் மற்றது உங்களுக்குப் புரியும்.

போனையும் கம்ப்யூட்டரையும் இணைத்துவிட்டால் இதில் இருக்கிற பேர், நம்பர் எல்லாம் அதிலும் இருக்கும். காலண்டரில் குறித்து வைத்ததும் அப்படித்தான். போன் தொலைந்தாலும் ஒன்றும் போகாது. கல்யாணமான புதிதில் என் மனைவி பொன்மணியின் போனைக் கடைக் கம்ப்யூட்டரோடு இணைத்தேன். பத்திரமாக இருக்கும் என்று சொன்னேன், சந்தோஷமாகத்தான் கொடுத்தாள். இரண்டிலும் இருப்பது ஒத்துப்போகாவிட்டால் எதைச் சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அது கேட்கும். கம்ப்யூட்டரில் இருப்பதே சரி என்று வைத்தேன். கம்ப்யூட்டர் என்னுடையது.

ஒருநாள் கடையில் நல்ல கூட்டம். திரையின் ஓரத்தில் காலண்டர் ஒரு நினைவூட்டலைக் காட்டியது. ராஜதுரை அண்ணாச்சி பிறந்தநாள் என்று இருந்தது. எனக்கு அப்படி ஒரு ஆளைத் தெரியாது. போனில் ஒருவர் பேரோடு பிறந்தநாளையும் சேர்த்துப் போட்டால் காலண்டர் தானாக எடுத்துக்கொள்ளும். கடையில் நின்றவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஆனாலும் எல்லாரும் பார்த்துவிட்ட மாதிரி எனக்கு உடம்பு கூசியது.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். மறைக்காமல் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் வேலை பார்த்த விசைத்தறி ஆபீஸில் மேனேஜராம். கரிவலம்வந்தநல்லூர்க்காரராம், பிள்ளைகுட்டி உள்ளவராம். அவள் அம்மா மயங்கி விழுந்தபோது ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தவராம். அவர் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை என்று போனைத் திறந்து காட்டினாள். உண்மைதான், கூப்பிட்டதே இல்லை. கூப்பிடாதவன் நம்பர் எதற்கு என்று கேட்டேன். அண்ணாச்சி என்று போட்டுவிட்டால் அண்ணாச்சி ஆகிவிடுவானா என்றும் கேட்டேன். அவள் என் கண் முன்னாலேயே அந்தப் பேரை அழித்தாள். நானும் அதோடு விட்டுவிட்டேன். நான் சந்தேகப் பேர்வழி இல்லை சார். அவள்மேல் எனக்கு அவ்வளவு ஆசை.

மறுநாள் போனை எடுத்துப் பார்த்தால் அந்தப் பேர் இருந்தது. சார்ஜர் வயரால் அடித்தேன். முதுகில்தான், வெளியே தெரியாத இடம். மறுபடி அழித்தாள், மறுபடி வந்தது. அந்தத் தடவை வலது கையில் ஒரு விரல் ஒடிந்துவிட்டது. கதவில் நசுங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் அவளே சொன்னாள். அந்த விஷயத்தில் அவள் நல்ல பெண், புருஷனை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். பேசித் தீராத சண்டை என்றால் சூடம் கொளுத்தி, எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணுவோம். பிறகு அதைப்பற்றி மனுஷன் கேட்கக் கூடாது. பொய்ச் சத்தியம் என்றால் அம்மன் கேட்பாள். வெள்ளிக்கிழமை காலையில் வீட்டில் கோமதியம்மன் படத்துக்கு முன்னால் சூடம் கொளுத்தினேன். வலது கையில் கட்டு இருந்ததால் அவள் இடது கையை நீட்டினாள். இடது கையால் சத்தியம் பண்ணலாமா? கட்டை நானே அவிழ்த்துவிட்டேன்.

"அம்மன் அறிய அழிச்சிட்டேன். இனிமே அந்தப் பேரச் சேக்க மாட்டேன்," என்று சூடத்தை அடித்தாள்.

அவளை முழுசாக நம்பித்தான் கடைக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் சேக் மைதீன் பாய் வந்தார். பேக்கரி வைத்திருப்பவர். மைதா போடுகிற ஆளோடு சண்டை போட்டுவிட்டு அவன் நம்பரை அழித்திருக்கிறார்.

"என்னவே மாரி, இவன் மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு அழிக்கேன். விடிஞ்சா வந்து நிக்கான்," என்றார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போன்மேல் குற்றம் இல்லை என்று விளக்கினேன். அவர் போனை இணைத்திருக்கிற பேக்கரிக் கம்ப்யூட்டரில் பழைய பேர் அப்படியே இருக்கிறது. போனில் அழித்தால், ஒன்று குறைகிறதே என்று கம்ப்யூட்டர் அதைத் திருப்பி அனுப்பும். கம்ப்யூட்டரில் அழித்தால் தீர்ந்தது. பேக்கரிக்குப் போய் அழித்துக் கொடுத்தேன். பாய் டீயும் பன்னும் கொடுத்து அனுப்பினார்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். ஒற்றைக் கையால் கீரை கடைந்து வைத்திருந்தாள். போனை வாங்கிப் பார்த்தேன். ராஜதுரை அண்ணாச்சி இருந்தார்.

அவள் கத்தவில்லை. சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள்.

"நான் தொடவே இல்ல. கடைக் கம்ப்யூட்டர்ல இருந்து வருதோ என்னவோ. ஊருக்கெல்லாம் பாக்குதீங்க, இதையும் ஒரு தடவ பாருங்களேன்."

"எனக்கே சொல்லித் தாரியாட்டி?" என்றேன்.

நான் யோசிக்காமல் செய்யவில்லை சார். கம்ப்யூட்டரில் அந்தப் பேர் இருப்பது எனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். அதை நான் ஏன் அழிக்க வேண்டும்? சேர்த்தவள் அவள். பாய் விஷயம் வேறு, பாய் சத்தியம் எதுவும் பண்ணவில்லை. சூடம் அடித்த பிறகும் ஒரு பேர் வருகிறது என்றால் அது மெஷின் கோளாறு இல்லை. அம்மன் காட்டிக்கொடுத்தாள்.

தேங்காய் உடைக்கிற அரிவாள் அடுப்படியில் கிடந்தது. முதல் வெட்டு அவள் குறுக்கே நீட்டிய கையில் விழுந்தது. சூடம் அடித்த அதே கை. அதைப் பார்த்ததும் எனக்கு மனசு உறுதியாகிவிட்டது. அடுத்து கழுத்தில். அதற்கப்புறம் விழுந்ததற்கு நான் கணக்கு வைக்கவில்லை, டாக்டர் எழுதியிருப்பதை மறுக்கவும் மாட்டேன். அவள் விழுந்ததில் கீரைச் சட்டி கவிழ்ந்துவிட்டது. அன்றைக்குச் சாப்பிடவில்லை.

குளித்தேன், சட்டையை மாற்றினேன், கடையைத் திறந்தேன். காத்திருந்த ஒருவரின் போன் திரைக்கு டெம்பர் கிளாஸ் ஒட்டிக் கொடுத்தேன். ஒரு குமிழி விழவில்லை. பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ராஜதுரை பேரை அழித்தேன். ஒரு நிமிஷ வேலை. அவள் போனை எடுத்துக்கொண்டு நானாகத்தான் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன்.

போன் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. எத்தனை தடவை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள் சார். அந்தப் பேர் இல்லை. இனி வரவும் வராது. அவள் இருந்தவரைக்கும்தான் வந்தது.