மூணாவது சிலிண்டர்

ஸ்மைலின்: ...நிறுத்து, நிறுத்து. இனி ஒருக்கா மெதுவா ஆக்சிலேட்டர மிதி. ம்... டக் டக்குன்னு, இதுதானே?

ரேஷ்மி: இதேதான் அண்ணா. ஒர்க்ஷாப்புல வந்தா மட்டும் கேக்காதோன்னு பயந்தேன்.

ஸ்மைலின்: டாக்டரக் கண்டா பல்வலி நிக்கும், இது நிக்காது. எத்தன நாளா?

ரேஷ்மி: ரெண்டு நாளு... இல்ல, நாலு.

ஸ்மைலின்: ஒம் மாப்பிள சிஜின் எப்ப வாறான்?

ரேஷ்மி: வெள்ளிக்கிழம காலைல திருவனந்தபுரத்துல எறங்குவாரு. ரெண்டு வருசம் கழிச்சு வாறாரு. சித்தப்பா ஓட்டுவாரு, நானும் இதுலதான் போணும். அதுக்குள்ள இந்தச் சத்தம் போணும் அண்ணா. அவரு காதுல விழப்பிடாது.

ஸ்மைலின்: இன்னைக்கே புதன். செரி... வண்டிய யாரு ஓட்டினா?

ரேஷ்மி: யாரு ஓட்ட? அவரு சொன்ன மாதிரி ஞாயித்துக்கிழம சர்ச்சுக்குப் போறதுக்கு முன்ன பத்து நிமிசம் ஸ்டார்ட் பண்ணிப் போடுவேன். வீட்டு முத்தத்துலயே.

ஸ்மைலின்: சிஜின் கல்ஃபுக்குப் போறப்ப நான் ஆயில் மாத்தி ஸ்டிக்கர் ஒட்டினேன். இன்னா பாரு, நாப்பத்தொண்ணாயிரம் கிலோமீட்டர். இப்ப நாப்பத்தொம்பது. எட்டாயிரமும் முத்தத்துலயா? வீட்டச் சுத்திச் சுத்தி ஓடிச்சோ?

ரேஷ்மி: ...மீட்டர் கேடாயிருக்கும்.

ஸ்மைலின்: சீட்டும் கேடோ? அவன் ஆறடி ஆளு. இப்பிடி முன்ன இழுத்து வச்சா கால எங்க கொண்டு வைப்பான்?

ரேஷ்மி: கிண்டல் பண்ணாதீங்க. சத்தம் எங்கேந்து வருதுன்னு பாருங்க.

ஸ்மைலின்: நீ உள்ளயே இரி, இஞ்சின் ஓடட்டும். நான் ஒவ்வொரு சிலிண்டருக்கா ஒயர உருவுகேன். எதுல சத்தம் குறையுதோ அதுலதான் கேடு. ஒண்ணு...

ரேஷ்மி: அப்பிடியேதான் இருக்கு.

ஸ்மைலின்: ரெண்டு.

ரேஷ்மி: இப்பமும் அதேதான்.

ஸ்மைலின்: மூணு...

ரேஷ்மி: குறஞ்சிட்டு.

ஸ்மைலின்: ஆஃப் பண்ணு. இனி இந்த ஏர் ஃபில்டரத் திறப்போம்... செரியாப் போச்சு. காகிதமெல்லாம் வீங்கி, சேறு படிஞ்சு கிடக்கு. வண்டி காத்து இழுக்க வழியா தண்ணியக் குடிச்சிருக்கு. தண்ணிய பிஸ்டனால அமுக்க முடியாது கேட்டியா, அதான் பிஸ்டனத் தாங்குக ராடு வளஞ்சு போச்சு. ஒன் முத்தத்துல அவ்வளவு வெள்ளமா?

ரேஷ்மி: ...சனிக்கிழம மழைக்கு பூதப்பாண்டி ரோட்டுல வயல்வெள்ளம் கேறிக் கிடந்து. நடுவுல நின்னு போச்சு. ஆளுவ தள்ளிக் கரையேத்தினாங்க. பொறவு நான் விடாம ஸ்டார்ட் பண்ணிப் பண்ணி...

ஸ்மைலின்: விடாம பண்ணினதுலதான் போச்சு. அந்த மழைல அங்க என்னத்துக்குப் போன?

ரேஷ்மி: ஞானஸ்நான கேக்கு. மூணு தட்டு. ஆறு மணிக்குக் கொண்டு குடுக்கணும்.

ஸ்மைலின்: நீ கேக்கு விக்கியா? அதுதான் வண்டிக்குள்ள கேறினா வெனிலா மணக்கு. நான் ஏதோ கல்ஃப் சென்டுன்னு நெனச்சேன்.

ரேஷ்மி: கல்யாணம், நிச்சயம், பர்த்டே... தக்கலை, மண்டைக்காடு வரைக்கும் நானே ஓட்டிக் கொண்டு போவேன். அவருக்குத் தெரியாது. ஸ்டார்ட் பண்ணலாம், கேட்டத் தாண்டப்பிடாதுன்னு சொல்லிட்டுப் போனவரு.

ஸ்மைலின்: நீ கேட்டயும் தாண்டி வெள்ளத்துலயும் எறங்கிட்ட. செரி. இஞ்சின எறக்கிப் பிரிக்கணும். ராடு, பேரிங் எல்லாம் மாத்தணும். ஆறு நாளு வேணும்.

ரேஷ்மி: வெள்ளிக்கிழம...

ஸ்மைலின்: நடக்காது.

ரேஷ்மி: கட்டியான ஆயில் ஊத்தினா சத்தம் அமுங்கும்னு சொல்லுவாங்களே.

ஸ்மைலின்: வண்டிய விக்கவன் ஊத்துவான். கொஞ்ச நேரம் அமுங்கும். திரும்பி வரும்போ களியக்காவிளைல ராடு இஞ்சின ஒடச்சுட்டு வெளிய வரும். அவன் பெட்டியும் கையுமா ரோட்டுல நிப்பான்.

ரேஷ்மி: ஒரே ஒரு நாளு தாங்கினா போதும். எனக்கு பயமா இருக்கு அண்ணா. எனக்காக ஒரு பொய் சொல்லப்பிடாதா?

ஸ்மைலின்: சொல்லலாம். ஏற்கெனவே அவனுக்காக ஒண்ணு சொல்லிட்டு கிடக்கேனே...

ரேஷ்மி: என்னது?

ஸ்மைலின்: ஒண்ணுமில்ல. டீ குடிக்கியா?

ரேஷ்மி: அண்ணா.

ஸ்மைலின்: ...போன வாரம் சிஜின் போன் பண்ணினான். வந்த உடனே வண்டிய விக்கணும், ஆளு பாத்து வை, ரேஷ்மிக்குத் தெரியப்பிடாதுன்னான். ஆளும் பாத்தாச்சு. சனிக்கிழம வாறாரு. ஆயில ஊத்தி அந்த மனுசன் தலைல கட்டச் சொல்லுகியா? ...என்ன, அழுகியா?

ரேஷ்மி: இல்ல. ஏன் விக்காருன்னு சொன்னாரா?

ஸ்மைலின்: நான் கேக்கல்ல. புதுசு எடுப்பானா இருக்கும். நீ உள்ளதச் சொல்லு. ரெண்டு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருப்பான். முப்பது நாள் லீவு தீந்தா திரும்பிப் போயிருவான்.

ரேஷ்மி: போக மாட்டாரு அண்ணா. அங்க கம்பெனிய மூடி அஞ்சு மாசமாச்சு. கூட வேல பாத்த பெனின்னு ஒருத்தருக்க பொண்டாட்டி சொன்னா. அவரு தினமும் டூட்டிக்குப் போறேன்னு போன்ல சொல்லுவாரு. நானும் செரின்னு கேட்டுட்டு மாவு கலக்கப் போவேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா ஒடஞ்சு போவாருன்னுதான் எல்லாத்தயும் மறச்சேன். இந்த வண்டி ஓடித்தான் இப்ப எங்க வீட்டுல அடுப்பு எரியுது. நீங்க ஆறு நாளு எடுத்து நல்லாவே செய்யுங்க. நான் பஸ்ஸுல போய் அவரக் கூட்டிட்டு வாறேன், வழியிலயே எல்லாம் சொல்லிருகேன். சனிக்கிழம அந்த ஆளு வந்தா, வண்டிக்காரி குடுக்க மாட்டாளாம்னு சொல்லீருங்க.