பின் வலது டயர்

டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைப் பலர் ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. அபுதாபிப் பாலைவனத்து லிவாவில் நாங்கள் அப்படி வளரவில்லை. மணலில் இறங்கும் முன் காற்றை இறக்குவோம், தார்ச்சாலை ஏறும் முன் மறுபடி நிரப்புவோம். மணலுக்குப் பன்னிரண்டு, சாலைக்கு முப்பத்தைந்து. என் வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாடு தெரியாதவனுக்குக்கூட இந்த இரண்டு எண்களும் தெரியும்.

நீங்கள் கேட்டது ஹுமைதைப் பற்றி. அங்கேதான் வருகிறேன்.

ஹுமைத் என் சித்தப்பா மகன், என்னைவிட ஆறு வயது இளையவன். பல வருடங்களாக மாலைத் தொழுகை முடிந்ததும் எங்கள் வீட்டு மஜ்லிஸில், விருந்தினர் கூடத்தில், தலையணைகளில் சாய்ந்துகொண்டு திரையில் கார்ப் பந்தயம் ஆடுவோம். ஓட்டுவது அவன், வண்டியை டியூன் செய்வது நான். அதில் ஒரு வெள்ளைப் பிக்கப் உண்டு. அவன் வீட்டு வாசலில் நின்ற நிஜ வண்டியும் அதே ரகம்தான். விளையாட்டில் அதை வந்தபடியே ஓட்டினால் முதல் மணல்மேட்டிலேயே குப்புற விழும். நான் ஸ்பிரிங்கை இளக்கினேன், உயரத்தை இரண்டு விரல் ஏற்றினேன், பின்சக்கரங்களுக்குப் போகும் விசையில் கொஞ்சத்தை முன்னால் திருப்பினேன். ஒவ்வொரு எண்ணையும் நோட்டில் குறித்துக்கொண்டே மூன்று மாதம் உட்கார்ந்தேன். அதன்பின் அது ஒட்டகம் மாதிரி நிதானமாக மேடேறியது. அந்த நாட்களைப் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. எண்களைச் சரிசெய்து முடித்ததும் மேசையில் இரண்டு தட்டு தட்டுவேன். அதுவரை அவன் புறப்பட மாட்டான். நிஜ வண்டியிலும் அப்படியே, பானெட்டில் இரண்டு தட்டு. காற்றுமானியை அவன் கையால் தொட்டதே இல்லை.

"நீ தட்டிட்டா போதும்ணே. அப்புறம் எங்கம்மாவே வந்து சொன்னாலும் எறங்கிப் பாக்கமாட்டேன்" என்பான்.

இந்தக் குளிர்காலத்தில் இணையத்தில் நடந்த பெரிய போட்டியில் ஜெயித்தான். மறுநாள் மஜ்லிஸ் நிறைய ஆட்கள். வண்டியை டியூன் செய்தது யார் என்று ஒருவர் கேட்டார். ஹுமைத் பேரீச்சங்கொட்டையைத் தட்டில் துப்பிவிட்டுச் சொன்னான்:

"நம்பரை யாரு வேணும்னாலும் போடலாம்யா. கணக்கு வாத்தியாருக்கு ஸ்டீரிங்கைப் பத்தி என்ன தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் குவளையில் காபி ஊற்றினேன். அடுத்த மாதம் நடக்கவிருந்த நிஜ மணல்மேட்டுப் பந்தயத்துக்கு வண்டியை டியூன் செய்ய அபுதாபியிலிருந்து மடிக்கணினியோடு ஒருவரை வரவழைக்கப் போவதாகச் சொன்னான். நோட்டை எடுத்துவரவா என்று நான் கேட்டேன். அவன் என் தோளில் கைபோட்டான். அன்பாகத்தான் போட்டான்.

"இது நெசம்ணே. வெளையாட்டு இல்ல. நீ ரெஸ்ட் எடு."

எனக்குக் கோபம் வந்ததாக எழுதாதீர்கள். பதினைந்து வருடம் பாடம் நடத்தியவன் நான். ஒருவனுக்கு ஒரு கணக்கு விளங்கவில்லை என்றால் அதை வேறு விதமாகப் போட்டுக் காட்டுவேன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மதியச் சோறு முடிந்து அவரவர் வண்டியில் மணலுக்குப் போனோம். அவன் ஓட்டியதைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். மேட்டின் விளிம்பில் வண்டியைச் சாய்த்து, மருதாணி போடுகிறவள் கைபோல ஒரே இழுப்பில் கீழே கொண்டுவந்தான். வெயில் சாயும் முன் சாலையோரம் வந்து நின்றோம். அவன் ஏசியைப் போட்டுக்கொண்டு, ரொட்டி வாங்கி வரவா என்று மனைவியிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்தான். நான் காற்றடிக்கும் இயந்திரத்தோடு சக்கரம் சக்கரமாகக் குனிந்தேன். முன்னால் இரண்டுக்கும் முப்பத்தைந்து. பின் இடதுக்கு முப்பத்தைந்து. பின் வலதில் பதினெட்டு வந்ததும் குழாயை எடுத்துவிட்டேன். பன்னிரண்டில் விட்டிருந்தால் ஓட்டும்போதே அவனுக்குத் தெரிந்திருக்கும். கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொண்டு, பானெட்டில் இரண்டு தட்டு தட்டினேன்.

அவன் கண்ணாடியை இறக்கினான். "முடிஞ்சா பின்னாடி வா, வாத்தியாரே."

பேரீச்சந்தோட்டத்துக்கு முன்னால் சாலை இடதுபக்கம் வளையும். நான் அவசரப்படவில்லை, எண்பதில்தான் போனேன். அந்த இடத்தை அடைந்தபோது புழுதி பாதி அடங்கியிருந்தது.

துக்கம் விசாரிக்கப் போட்ட கூடாரத்தில் மூன்று நாளும் வந்தவர்களுக்குக் காபி ஊற்றியது நான்தான். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கூட இருந்தும் இப்படி ஆயிடுச்சேப்பா" என்றாள். அவனை நினைத்து அழுதேன். அது பொய்யில்லை. இப்போதும் மாலையில் திரையைப் போட்டால் பக்கத்துத் தலையணை பக்கம் கண் போகிறது.

தெரிந்தே கொன்றாயா என்று கேட்கிறீர்கள். ஒரு கணக்கு வாத்தியாரிடம் இந்தக் கேள்வியை இன்னும் கவனமாகக் கேட்டிருக்கலாம். நோட்டு உங்களிடம்தான் இருக்கிறது, வியாழக்கிழமைப் பக்கத்தைப் பாருங்கள். விளையாட்டில் அதே வெள்ளைப் பிக்கப், அதே போன்ற இடது வளைவு, அவன் வழக்கமாகப் போகும் நூற்று அறுபது, பின் வலதில் பதினெட்டு. பதினான்கு முறை ஓட்டிப் பார்த்தேன். பதினொரு முறை கவிழ்ந்தது.

மூன்று முறை ஒன்றும் ஆகவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் பிழைக்க நான் வழி வைத்திருந்தேன்.