உள்ளே பொம்மைகள்

பார்சல் கட்டுவது என்றால் டேப் ஒட்டுவதுதான் என்று பலரும் நினைக்கிறார்கள், மேடம். டேப் கடைசி வேலை. அதற்கு முன்னால் பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளேயிருந்து சின்னச் சத்தம்கூட வரக்கூடாது. வந்தால் பிரித்து, மறுபடியும் முதலிலிருந்து கட்ட வேண்டும். நான் அப்படித்தான் கட்டுவேன். என் பார்சல் எதுவும் வழியில் உடைந்ததில்லை.

நான் விற்பது பழைய வீடியோ கேமராக்கள். கேசட் போட்டுப் படம் எடுப்பார்களே, அந்தக் காலத்து மாடல். இங்கே அவற்றை யாரும் சீந்துவதில்லை. வெளிநாடுகளில், கல்யாணக் கேசட்டையும் குழந்தை தவழ்ந்த கேசட்டையும் பெட்டியில் வைத்துக்கொண்டு, ஓட்டிப் பார்க்க வழியில்லாமல் தவிக்கிறவர்கள் நிறைய. பழைய சாமான் கடைகளில் அலைந்து வாங்கி வந்து, பிரித்துத் துடைத்து, பழுது பார்த்து இணையத்தில் விற்பனைக்குப் போடுவேன். தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். அதை மூடிய பிறகு பிடித்துக்கொண்ட வேலை இது. வீட்டின் பின்னறைதான் பட்டறை. அதை ஒட்டிய பால்கனியில் என் மனைவி துணி காயப்போடுவாள்.

வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தங்கமானவர்கள். மீதிப் பேர் சுற்றி வளைத்துக் கேட்பது ஒன்றுதான்: சுங்கத் தாளில் கொஞ்சம் பொய் எழுது. விலையைக் குறைத்துப் போடு, எனக்கு வரி மிச்சமாகும். விற்பனை என்று எழுதாதே, பரிசு என்று எழுது. மாமா அனுப்பியதாகப் போடு என்று கேட்டவர்கூட உண்டு. எல்லோர் சொல்லையும் கேட்டிருந்தால் கடல் தாண்டி எனக்கு ஒரு தெரு கொள்ளாத மருமக்கள் சேர்ந்திருப்பார்கள். அவர்கள் எல்லோருக்கும் ஒரே பதில்தான் அனுப்புவேன். உள்ளே இருப்பதைத்தான் வெளியே எழுதுவேன், மன்னிக்கவும். முறைத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. பார்சல் அலுவலகக் கவுன்ட்டரில் இருந்த அந்தப் பெண்ணுக்கு என்மேல் ஏன் அவ்வளவு நம்பிக்கை என்று உங்களுக்குப் புரிய வேண்டும் அல்லவா.

அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, அதையே மேசை முழுக்கத் தேடுவாள். வெளிநாட்டுப் பார்சல் எதுவானாலும் அடுத்த கட்டிடத்திலிருக்கும் எக்ஸ்ரே மெஷினில் காட்டிய பிறகுதான் வாங்க வேண்டும் என்பது அங்கே விதி. ஆரம்பத்தில் என்னுடையதையும் தூக்கிக்கொண்டு போவாள். ஒருமுறை, கேமராவோடு பேட்டரியும் இருக்கிறது, விமானத்தில் போவது, அதற்குரிய லேபிளை ஒட்டும்மா என்று நானே சொன்னேன். அப்படிச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் என்றாள். அன்றோடு என் பெட்டிகளை மெஷினுக்குக் கொண்டுபோவதை விட்டுவிட்டாள். "மத்தவங்க பெட்டிய சந்தேகப்படவே எனக்கு நேரம் பத்தலண்ணா" என்பாள்.

இப்போது அந்த ஆள் விஷயத்துக்கு வருகிறேன். அவன் பெயர் எதுவாகவோ இருக்கட்டும். எங்கள் வீட்டில் அவனுக்கு விரிசல் என்று பெயர். என்னிடம் ஒரு நல்ல கேமரா வாங்கினான். கைக்குப் போய்ச் சேர்ந்ததும் லென்ஸில் விரிசல் என்று படம் அனுப்பினான். படத்தில் இருந்தது என் கேமராவே இல்லை. நான் அடிப்பக்கத்தில் ஒரு திருகாணியை மாற்றியிருந்தேன். படத்தில் இருந்ததில் பழைய திருகாணி. இணையதளத்தாரிடம் முறையிட்டேன். அவர்கள் பணத்தை அவனுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். கேமராவும் அவனிடமே தங்கிவிட்டது. கொஞ்ச நாளில் அதே கேமரா, நான் போட்ட திருகாணியோடு, வேறொருவர் பெயரில் விற்பனைக்கு வந்தது. லென்ஸ் கண்ணாடிபோல் சுத்தம் என்று எழுதியிருந்தான்.

எனக்குக் கோபம் வரவில்லை, மேடம். சாப்பிட்டேன், தூங்கினேன். மனைவிதான் நாள் முழுக்கத் திட்டித் தீர்த்தாள்.

பிறகு அவனே மறுபடியும் எழுதினான். பெயர் வேறு, முகவரி அதே. கேமராவுக்கு அசல் பேட்டரிகள் வேண்டும், இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள்கிறேன் என்றான். தாளில் பேட்டரி என்று எழுதினால் வழியிலேயே நிறுத்திவிடுவார்கள். பொம்மைகள் என்று எழுது. என் மகளுக்குப் பிறந்தநாள் பரிசு என்று போடு என்றும் எழுதியிருந்தான்.

மனைவி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "இது அவன்தானே? எப்பவும் எழுதுற பதில எழுதிட்டு எந்திரிங்க, சாப்பாடு ஆறிப்போகுது" என்றாள். அவள் உள்ளே போகும்வரை விரலை விசைமேல் வைத்தபடி இருந்தேன். பிறகு எழுதினேன். சரி, நீங்கள் சொன்னபடியே அனுப்புகிறேன்.

பழைய பேட்டரிகளில் சிலவற்றுக்கு வயிறு உப்பிவிடும். சார்ஜ் போட்டால் கொதிக்கும். சில நேரம் சும்மா வைத்திருந்தாலே சூடேறும். அவற்றைத் தனியாக ஒதுக்கி, பால்கனியில் ஒரு வாளி மணலுக்குள் புதைத்து வைப்பேன். ஆபத்தான கழிவை எடுக்க வண்டி வரும்போது கொடுத்துவிடுவேன். இந்த விஷயத்தில் என் அளவுக்குக் கவனமான ஆளை நீங்கள் பார்க்க முடியாது. அந்த வாளியைத்தான் உள்ளே எடுத்து வந்தேன்.

மணலைத் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் புது உறை ஒட்டினேன். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அவன் அதைச் சார்ஜரில் மாட்டிவிட்டு வேறு அறைக்குப் போவதை நினைத்துப் பார்த்தேன். அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவன் சொன்னதில் எது நிஜம்? மகளும் பொய்யாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டேன். அதற்குப் பிறகு பெட்டியைக் கட்டி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, டேப் ஒட்டினேன்.

காலி வாளியைப் பார்த்துவிட்டு மனைவி கேட்டாள். கழிவு வண்டி வந்தது, கொடுத்துவிட்டேன் என்றேன். நல்லதாப் போச்சு என்று அதில் துணி ஊறவைத்தாள்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். வழியில் தொடையில் இளஞ்சூடு தெரிந்தது. ஜன்னல் வெயில் என்று நினைத்தேன். மரங்கள் அடர்ந்த தெருவுக்குள் பஸ் திரும்பிய பிறகும் சூடு தணியவில்லை. இறங்க வேண்டிய இடத்தில் இறங்கினேன்.

கவுன்ட்டரில் கூட்டம் இல்லை. தங்கச்சி தாளை வாங்கிப் படித்தாள். கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தாள்.

"என்னண்ணா, பொம்மைன்னு போட்டிருக்கு? கேமராவ விட்டுட்டீங்களா?"

"தெரிஞ்சவங்க வீட்டுப் பொண்ணுக்கும்மா. பிறந்தநாள்."

பெட்டியை இரண்டு கையாலும் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

"சூடா இருக்கேண்ணா."

மேடம், நீங்கள் திரும்பத் திரும்ப இந்த இடத்துக்குத்தான் வருகிறீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். கொஞ்சம் என் பக்கமும் நின்று பாருங்கள். சொன்னால், இத்தனை வருஷம் உள்ளே இருப்பதை மட்டுமே வெளியே எழுதிய மனிதன் ஒரே நொடியில் புளுகன் ஆகிவிடுவான். அதுவும் அவள் எதிரில். எனக்குப் பின்னால் வேறு ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள்.

"வெயில்ல வந்தேன்லம்மா" என்றேன்.

அவள் சிரித்தாள். குழந்தைக்குப் போகிற சாமான், மூட்டைகளோடு போட்டால் நசுங்கிவிடும் என்று சொல்லி, பெட்டியைத் தன் மேசைக்கு அடியில் காலருகே வைத்துக்கொண்டாள். வண்டி வந்ததும் தானே கையால் ஏற்றிவிடுவதாகச் சொன்னாள். நான் ரசீதை வாங்கிக்கொண்டு நடந்தேன். வாசலில் ஒருமுறை நின்றேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நின்றேன். பிறகு பஸ் வந்துவிட்டது.

அங்கே மேசைக்குப் பின்னால் சுவர் உயரத்துக்கு அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருப்பார்கள். பெட்டி தீப்பிடித்ததும் வரிசையில் நின்றவர்கள் வெளியே ஓடித் தப்பிவிட்டார்கள். கவுன்ட்டருக்குள் இருப்பவர்கள் வர வேண்டிய கதவு உள்பக்கமாகத் திறப்பது. மூட்டைகள் அதன்மேல் சரிந்துவிட்டன. மற்றது உங்களுக்குத் தெரியும்.

நான் அவள் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருப்பது முறையில்லை. அவள் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொடுத்து, கட்டாயப்படுத்திக் குடிக்க வைத்தேன்.

"மெஷின்ல போடாம அவ எதையும் வாங்கமாட்டாளே சார்" என்றார்.

"யாரையோ நம்பிட்டா போல" என்றேன்.

தலையை ஆட்டினார். என் கையை வெகுநேரம் விடவில்லை. நான் வந்தது அவருக்கு ஆறுதலாக இருந்தது என்றே நினைக்கிறேன்.

உங்கள் ஆட்கள் முதல்முறை விசாரித்தபோது, விதிப்படி சோதித்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று சொன்னேன். அதில் தவறு ஏதும் உண்டா? அவள் கவனக்குறைவுதான் காரணம் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். நான் எழுதச் சொல்லவில்லை.

என் மனைவிக்குத்தான் மனம் ஆறவில்லை. கழிவு வண்டிக்காரரைத் தெருவில் பார்த்து விசாரித்திருக்கிறாள். எங்கள் தெருப்பக்கமே பல நாளாக வரவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் நேரே உங்களிடம் வந்திருக்கிறாள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் முதலில் என்னைக் கேட்டிருக்கலாம். நான் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

சரி, நீங்கள் கேட்டபடியே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவை பேட்டரிகள் என்று எனக்குத் தெரியும். கெட்டுப்போனவை என்று தெரியும். கவுன்ட்டரில் வைக்கும்போதே சூடேறியிருந்தது என்றும் தெரியும். தெரிந்தேதான் அவள் கையில் கொடுத்தேன். கையெழுத்து எங்கே போட வேண்டும்?

போட்டுவிட்டேன். இனி நான் ஒன்று கேட்கலாமா? அந்த விரிசலின் முகவரியைக் கொடுத்துவிட்டேன். அவன் எழுதியதையெல்லாம் காட்டிவிட்டேன். பார்சல் இன்னும் வரவில்லையே, மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்று மறுபடியும் எழுதியிருக்கிறான். நீங்கள் அவனுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. ஒரு பொய்க்காரனால் ஓர் உயிர் போயிருக்கிறது, மேடம். அவனை எப்போது பிடிக்கப்போகிறீர்கள்?