உப்பை உலைக்கு வெளியே நிறுத்திய பொன்செல்வி அம்மையாருக்கு

கணினியில் களைப்பின்றி ஓடிய உலை, கண்ணெதிரே கட்டியதும் ஏன் மூச்சுத் திணறியது? திரையில் பொங்கிய ஹைட்ரஜன் குழாயில் ஏன் மெலிந்தது? விடை தெரியாமல் தாங்களும் தவித்தீர்கள், நாங்களும் தவித்தோம். தாங்கள் பணிநிறைவு பெறும் இந்நாளில் அந்தத் தவிப்பையே முதலில் நினைவுகூர்ந்து வணங்குகிறோம், எங்கள் ஆய்வுக்கூடத்தின் அணிவிளக்கே, அன்பு நிறை பொன்செல்வி அம்மையீர்!

கொற்கையின் வயலோரம் பிறந்து, மில்லர்புரத்தில் குடியேறி, வேதிப்பொறியியலை விரும்பிக் கற்றவர் தாங்கள். புரியாதவர்க்குப் புரியும்வரை சொல்வது தங்கள் பொறுமை! "பழைய சமையல் எண்ணெயில பயோடீசல் எடுத்தா அடியில பாகு மாதிரி கிளிசரின் தங்கும்லா? அதை நீராவியோட சூடான வினையூக்கி மேல விட்டா ஹைட்ரஜன் பிரியும். கணினி அதை முன்னாடியே நடத்திப் பாக்கு, அவ்வளவுதான்" என்று துறைமுக அதிகாரிக்கும் வாயிற்காவலருக்கும் ஒரே விளக்கம் தந்தீர்கள்.

உலை ஓடாவிட்டால் திட்டத்தை மூடுவதென நிர்வாகம் முடிவெடுத்திருந்தது. தங்கள் பல்லாண்டு உழைப்பு பழைய இரும்பாய்ப் போகவிருந்தது.

உலையைத் திறந்தால் வினையூக்கியெங்கும் வெள்ளைப் பூச்சு. அது உப்பென்று சொல்ல உப்பளங்கள் சூழ்ந்த இந்த ஊரில் யாருக்கும் சோதனை தேவையில்லை. "உப்பளக் காத்து பண்ணுத வேலை மேடம்" என்றார் உலையை இயக்கும் ராஜதுரை. நாங்களும் நம்பி, சன்னல்களை அடைத்து, கிளிசரின் டிரம்களுக்குத் தார்ப்பாய் போர்த்தி, உள்ளே வெந்தோம். பூச்சு மட்டும் போகவில்லை.

தாங்களோ சாத்தான்குளம் பயோடீசல் ஆலையிலிருந்து வந்த, பிரிக்காத டிரம் ஒன்றைத் திறந்து சோதித்தீர்கள். "ஏலே ராஜதுரை, சாத்தான்குளத்துல சீல் வச்ச டிரம்லயும் உப்பு கிடக்கே! அங்கன ஏதுலே உப்பளம்? இல்ல, காத்து பஸ் ஏறிப் போயி டிரம்முக்குள்ள உக்காந்துச்சா?"

"அப்போ தார்ப்பாய அவுத்துரலாமா மேடம்? வேத்து ஊத்துது" என்றார் அவர்.

பிறகு விளக்கினீர்கள்: பயோடீசல் செய்யக் காஸ்டிக் சோடா சேர்க்கிறார்கள், முடிவில் அதை அமிலத்தால் முறிக்கிறார்கள், அங்கேயே உப்பு பிறந்துவிடுகிறது. நாமோ கணினியிடம் தூய கிளிசரின் என்றே சொல்லியிருந்தோம். கேட்ட கேள்விக்கு அது சரியாகவே விடை சொன்னது. உப்பையும் கணக்கில் சேர்த்தீர்கள். திரையிலும் ஹைட்ரஜன் மெலிந்தது. நோய் தெரிந்தது, மருந்தையும் அதே திரையில் தேடி எடுத்தீர்கள்!

இனி வரும் காலம் தங்களுக்கு நல்லுடலும் நிறைமனமும் நீண்ட ஓய்வும் தருக! திட்டம் மூடப்படவில்லை, அம்மையீர். இன்று தாங்கள் கண்ட வழியிலேயே கிளிசரினை முதலில் காற்றழுத்தம் குறைத்த கலனில் இட்டு, கருகாத அளவுச் சூட்டில் ஆவியாக்குகிறோம். உப்பு அடியில் தங்கிவிடுகிறது. ஆவி மட்டும் உலைக்குள் போகிறது. உலை ஓடுகிறது.

இங்ஙனம்,
உலைக்கூட, கணினிப் பிரிவுப் பணியாளர்கள்
தூத்துக்குடி