கொழுந்து பிரிக்கும் கம்ப்யூட்டர்

இறம்பொடை பஸ்ஸில் என் முன் சீட்டில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்:

“எங்க வீட்டு கம்ப்யூட்டர் கொழுந்து பிரிக்குதுக்கா.”

“என்னாடி சொல்ற?”

“வேண்டாத மெயிலா வந்து குவியும். மரியாதையா ‘வேணாங்க’ன்னு பதில் போட்டேன், இன்னும் கூடிருச்சு. அப்புறம் பதிலே போடாம, ஒவ்வொண்ணா ஸ்பேம்னு அமுக்கிக் காட்டுனேன். இப்ப அதுவே, நாம முத்தல் எலைய ஒதுக்குற மாதிரி, குப்ப மெயிலையெல்லாம் ஒதுக்கிருது.”

“நல்லதையும் சேத்து ஒதுக்கிட்டா?”

“ஒதுக்குச்சே! கட்டார்லருந்து மக போட்ட மெயில் குப்பையில கெடந்துச்சு. ‘இது நல்லது’ன்னு எடுத்து வச்சேன். அதுக்கப்புறம் அவ மெயில தொடவே இல்ல.”

பஸ் வளைவில் திரும்ப, அக்கா கேட்டாள்:

“ஒரே தடவ சொன்னதுக்கா? நல்ல கொழுந்த முத்தல்னு வீசாதீங்கன்னு கொழுந்து நிறுத்து வாங்குற நம்ம கணக்கப்புள்ளைக்கு எத்தன வருஷமா சொல்றோம்!”